உறையக்கா மலை ஏறிய கதை

உறையக்காவின் கண்ணில் பட்ட எந்தச் சாமானும் வெற்றுடம்போடு இருந்துவிட முடியாது. மிக்சிக்கு உறை, தண்ணீர்க் கேனுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை. குடையோடு வந்த உறை தொலைந்து போனால் புது உறை தைப்பாள். தொலையாவிட்டாலும் அது அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னொன்று தைப்பாள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய அளவுகோலுக்குக்கூடப் பஞ்சு வைத்து ஒரு உறை இருந்தது. "மழை பெஞ்சா உங்கம்மா உன்னையும் உறைக்குள்ள போட்டு நாடா கட்டித்தான் அனுப்புவாங்களா?" என்று கூடப் படித்த பிள்ளைகள் கேலி செய்ததை மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

தொழிலே அதுதான். சந்து முனையில் கதவகலத்துக்கு ஒரு கடை. உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், கூரை தொட அடுக்கிய ரெக்சின் சுருள்கள். உள்ளே போன ஆள் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்துதான் வெளியே வர வேண்டும். பைக் சீட்டு, சோபா, ஆட்டோ மெத்தை, எது வந்தாலும் தைப்பாள். காலையில் மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக் கண்ணை மூடி, "ஆண்டவனே, இன்னைக்குத் தைக்கிறது பிரியாம இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டுதான் முதல் தையல். பொய் சொன்னால் அன்றைக்குத் தையல் கோணிவிடும் என்பது அவள் நம்பிக்கை. அதனால் உலகத்தில் எல்லாத் தையல்காரர்களும் சொல்கிற "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "எப்ப முடியும்னு எனக்கே தெரியல, சும்மா சும்மா வந்து கால் வலிச்சுக்காதீங்க" என்பாள். அப்படியும் ஆட்கள் அவளிடம்தான் வந்தார்கள்.

அவள் வீட்டுக்காரரைத் தெருவில் லாண்டரிக்காரர் என்பார்கள். அவர் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தவர் இல்லை. லாண்டரியின் வேனை ஓட்டினவர். ஆஸ்பத்திரியிலும் லாட்ஜிலும் அழுக்குத் துணி மூட்டையை ஏற்றி வந்து, வெளுத்த துணியைக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து தலை நரைக்கிற வரை அதே தெருக்கள், அதே திருப்பங்கள். லாண்டரியை மூடியபோது, "இந்தக் கிழட்டு வண்டியை யாரும் சீந்த மாட்டேங்கிறாங்க, நீயே ஓட்டிட்டுப் போ" என்று முதலாளி சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

வண்டி ஆரஞ்சு நிறத்தில் இருந்து வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. சப்பை மூக்கு. என்ஜின் முன்னால் இல்லை, பின்னால். லாண்டரிக்காரர் தச்சு வேலை தெரிந்த மச்சானைக் கூட்டி வந்து, என்ஜினுக்கு மேலே பலகை அடித்துக் கட்டிலாக்கினார். பக்கவாட்டில் ஒரு அடுப்பு மேடை, மடக்கு மேஜை, நாலு தட்டு அலமாரி.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள் உறையக்கா.

"ஊர் சுத்தறதுக்கு."

"யாரு?"

"நாமதான்."

"நாமளா!" என்று அவள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. ஆனால் சிரித்து முடிக்கும்போது கையில் அளவு டேப் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் ஸ்டியரிங், அடுப்பு, வாளி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் உடுப்பு மாட்டியாகிவிட்டது. பின்னால் தொங்குகிற ஸ்டெப்னி டயருக்குப் பூப்போட்ட துணி. அதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர், "அண்ணே, வண்டியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி" என்றார்.

முதல் பயணம் ஒரு ஏரிக்கரைக்கு. பெரிய தூரம் ஒன்றுமில்லை. ஆனால் வழியில் லாண்டரிக்காரர் ஒன்றைப் பார்த்தார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியின் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. ஊசி இல்லை, கத்தரி இல்லை, நூல் இல்லை. மல்லாந்த கைகள். இத்தனை வருஷத்தில் அந்தக் கைகளை அவர் சும்மா பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூடப் போர்வை ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டிருப்பாள். ரோட்டைப் பார்க்க வேண்டியவர் ரோட்டையும் அந்தக் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அன்றிலிருந்து வண்டி அவருக்கு உயிராகிப் போனது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. 'எனக்காகத்தான் கூட வர்றா, பாவம்' என்று நினைத்துக்கொண்டார்.

மகளுக்கு மட்டும் இந்த வண்டி பிடிக்கவில்லை. மலைமேல் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். மலைப்பாதையில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு, பழைய வண்டி என்றாலே அவளுக்குப் பயம். வண்டியிலேயே அவளைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னதும் போனில் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ல வாங்கப்பா."

"பஸ்ல கட்டில் இருக்காதே பாப்பா."

"விளையாடாதீங்க. சரி, வாங்க. ஆனா ஒரு சத்தியம் பண்ணுங்க. வழியில ஒரே ஒரு தடவை வண்டி பழுதாகி நின்னாலும் வித்துடணும். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

"வண்டி நிக்காது பாப்பா."

"அப்ப சத்தியம் பண்றதுல என்ன கஷ்டம்?"

லாண்டரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏதோ நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "சத்தியம்" என்றார். கொடுத்த வாக்கை அவர் மாற்றியதில்லை என்பது மகளுக்குத் தெரியும்.

இப்படித்தான் புறப்பட்டார்கள். அன்று சாயங்காலம் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, பெட்ரோல் பங்கின் ஓரமாக வண்டியை நிறுத்திப் படுத்தார்கள். இரவெல்லாம் மலைக்காற்று கட்டிலின் இரண்டு பக்கமும் ஊசி மாதிரி குத்தியது. உறையக்கா எழுந்து எழுந்து அவர் கால் மாட்டில் போர்வையைச் செருகினாள். காலையில் அவர் குழாயடியில் முகம் கழுவும்போது, வண்டிக்குள்ளிருந்து கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம் கேட்டது.

"காலங்காத்தால உள்ள என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லங்க. ராத்திரி குளிர் எந்த வழியா வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன். ஒரு சின்ன வேலை."

அவள் ஒரு சின்ன வேலை செய்யாத நாள் ஏது? அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மலைப்பாதை நன்றாகத்தான் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் பாம்பு போல ரோடு. உறையக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனைப் பாட்டை முணுமுணுத்தாள். கைகள் மடியில் இருந்தன. லாண்டரிக்காரருக்கு மனசு நிறைந்திருந்தது. கொஞ்ச தூரம் ஏறியதும் வண்டி இழுக்க மறுத்தது. கியரைக் குறைத்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். பின்னாலிருந்து சூடான இரும்பு வாடை வந்தது.

"என்னங்க, அடுப்புல ஏதாவது வெச்சுட்டு மறந்துட்டேனா?"

"அடுப்பு இல்லம்மா."

ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, பேச்சு மூச்சில்லாமல் நின்றது. நல்ல வேளையாக அங்கே ரோடு அகலமாக இருந்தது. ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு இறங்கி, டயருக்குப் பின்னால் கல் வைத்தார். கல் வைத்துவிட்டு நிமிரவில்லை. அப்படியே குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். வண்டி நின்றேவிட்டது.

"கவலைப்படாதீங்க. நான் கொஞ்சம் பிரார்த்தனை பண்ணிட்டு டீ போடறேன்" என்றாள் உறையக்கா. அவளுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் இந்த இரண்டுதான் மருந்து, இதே வரிசையில். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரத் தடுப்புச் சுவரின் மறைவில் வைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

லாண்டரிக்காரர் பின்கதவைத் திறந்தார். பெட்ரோல் வருகிறது. ஆயில் இருக்கிறது. பெல்ட் அறுந்துபோகவில்லை. ஆனால் என்ஜின் ரொட்டி சுடுகிற அடுப்பு மாதிரி அனல் கக்கியது. கை வைக்க முடியவில்லை. இந்த வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிற வேலை கிடையாது. காற்றுதான் அதற்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம். பின்பக்க மூலைகளில் இரண்டு புறமும் தகட்டில் கீற்றுக் கீற்றாக வழி வெட்டியிருக்கும். அதன் வழியாக ஓடுகிற காற்றைக் குடித்துத்தான் என்ஜின் தன்னைத் தணித்துக்கொள்ளும். ஏதாவது சருகு அடைத்திருக்குமோ என்று வெளியிலிருந்து கீற்றுக்குள் விரலை விட்டார்.

சருகு தட்டுப்படவில்லை. மெத்தென்று இருந்தது.

உள்ளே போனார். கட்டில் பலகையின் ஓரத்தைத் தூக்கினார். அங்கே இருந்தது. நீலத் துணி. உள்ளே பஞ்சுத் தகடு வைத்து, கட்டம் கட்டமாகக் குறுக்குத் தையல் ஓட்டி, ஓரத்துக்கு வெள்ளை நாடா பிடித்து, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு, கீற்றின் உள்பக்கம் காற்று நுழைய ஊசிமுனை இடம் இல்லாமல் கச்சிதமாக மாட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கமும் அதே மாதிரி இன்னொன்று. அந்த நிலைமையிலும் அவருக்கு, 'என்ன சுத்தமான வேலை!' என்றுதான் முதலில் தோன்றியது.

கட்டில் அடித்தபோது இந்தக் கீற்று எதற்கு என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. வண்டியோடு பிறந்து வளர்ந்த மாதிரி அவருக்கு அது தெரியும். தெரிந்த விஷயத்தை யார் எடுத்துச் சொல்வார்கள்? அவள் அதைக் கட்டிலுக்கு வைத்த ஜன்னல் என்று நினைத்துவிட்டாள்.

வெளியே எட்டிப் பார்த்தார். அவள் இன்னும் கண்ணை மூடியபடி, உதடு அசைய, இந்த வண்டிக்காக ஆண்டவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை ஒரு சோபாத் துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டாள் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் அவள். சோபாக்காரம்மா, "போனாப் போகுதுக்கா" என்று சொன்ன பிறகும் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவாள். தன் ஊசியால்தான் வண்டி நின்றது என்று தெரிந்தால்? அதனால்தான் வண்டியை விற்கப்போகிறோம் என்று தெரிந்தால்? இனி ஜென்மத்துக்கும் அவள் ஊசியைத் தொட மாட்டாள். தொட்டாலும் நிம்மதியாகத் தொட மாட்டாள்.

சொல்லாவிட்டால்? வண்டிக்கு வயசாகிவிட்டது, நின்றுவிட்டது. அவ்வளவுதான். சத்தியப்படி விற்க வேண்டும். முன் சீட்டு போய்விடும். மடியில் கிடக்கிற அந்தக் கைகளும் போய்விடும்.

லாண்டரிக்காரர் பெருமூச்சு விட்டார். 'வண்டி போனா போகட்டும்' என்று மனசுக்குள் சொன்னார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இரண்டு உறைகளையும் சுருட்டி, ஒளித்து வைக்க இடம் தேடினார். உறை போடாத மூலை ஒன்றுகூட அந்த வண்டியில் இல்லை. எதைத் தொட்டாலும் அவள் கை படுகிற இடம். கடைசியில் வெளியே வந்து, தடுப்புச் சுவரின் மேல் அவற்றைப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்து நின்றது. காதுக்கு மேல் மப்ளர் சுற்றிய டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, பெருசு படுத்துடுச்சா?"

"சூடாயிடுச்சு தம்பி. ஆறட்டும்."

"இதெல்லாம் ஆறாதுண்ணே. இது எங்கப்பா சைக்கிள் கத்துக்கிட்ட காலத்து வண்டி. கயிறு இருக்கு, கட்டி இழுத்துட்டுப் போறேன். மேல பழைய இரும்புக்கடை ஒண்ணு இருக்கு, அப்படியே எறக்கிடலாம்."

"வாய் இருக்கே தம்பிக்கு" என்றாள் உறையக்கா, டீயை நீட்டியபடி. "மொதல்ல இதைக் குடிங்க. அப்புறம் திட்டலாம்."

டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து டம்ளரை வாங்கினார். நடுத்தர வயசு. இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உறையக்காவின் கண் அவர் இடுப்புக்குப் போய், அங்கிருந்து திறந்து கிடந்த லாரிக் கதவு வழியாக அவர் சீட்டுக்குப் போய்விட்டது. சீட்டின் தோல் கிழிந்து, ஸ்பாஞ்ச் பிதுங்கி, ஒரு கம்பிகூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, இதுலயா உக்காந்து ஓட்டறீங்க?"

"பழகிடுச்சுக்கா."

"இடுப்புக்குப் பழகலையே! வண்டி ஆற வரைக்கும் எனக்கும் வேலை இல்ல. இருங்க, ஒரு துணி எடுத்துட்டு வர்றேன்."

"ஏம்மா, அவருக்கு நேரமாகுது, விடு" என்றார் லாண்டரிக்காரர் அவசரமாக. துணிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கட்டில் பலகைக்குக் கீழே.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லண்ணே" என்றார் டிரைவர், டீயை ஊதியபடி. "முட்டைக்கோஸ் எங்க ஓடிடப் போவுது?"

உறையக்கா வண்டிக்குள் ஏறிவிட்டாள். பலகை தூக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. லாண்டரிக்காரர் திருடனைத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, காலையில உள்ள ரெண்டு உறை மாட்டினேன். காணோம்."

"எங்க மாட்டினே?"

"கட்டில் ஜன்னலுக்கு."

"காத்துல பறந்திருக்கும்."

"நான் போட்ட முடிச்சா?" என்றாள். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எழுந்திருங்க."

"கால் மரத்துப் போச்சும்மா."

"பரவாயில்ல, எழுந்திருங்க."

"நல்லா உக்காந்திருக்கேன்ல..."

"வெறும் கல்லு மேல நீங்க எந்தக் காலத்துல நல்லா உக்காந்திருக்கீங்க? நான் துண்டு விரிச்சாத்தானே உக்காருவீங்க!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, அவருடைய இடது தொடைக்குக் கீழே வெள்ளை நாடா எட்டிப் பார்த்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வால் தெரியுது" என்றார்.

லாண்டரிக்காரர் எழுந்தார். உறையக்கா இரண்டு உறைகளையும் கையில் எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. ஒன்றின் ஓரம் லேசாகக் கருகியும் இருந்தது. அதை முகர்ந்து பார்த்தாள். வண்டியின் பின்பக்கம் போய், வெளியிலிருந்து கீற்றில் கையை வைத்தாள். உள்ளே இருந்து அனல் அவள் விரலில் அடித்தது.

"இது ஜன்னல் இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப என்ன?"

அவர் வார்த்தை தேடினார். "மூக்கு" என்றார்.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. புரையேறச் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான்" என்றார் லாண்டரிக்காரர். "அது எதுக்குன்னு நான் உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ எனக்குக் குளிரக் கூடாதுன்னுதானே..."

"எதுக்கு மறைச்சீங்க?"

"நீ மனசு உடைஞ்சு போயிடுவியேன்னு."

"சத்தியம் பண்ணியிருக்கீங்க. நின்னா விக்கணும். வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு பாப்பாகிட்ட சொல்லியிருப்பீங்க. வண்டி போனாப் பரவாயில்லையா உங்களுக்கு?"

"போனா போகுது. நீ எனக்காகத்தானே வர்றே. வீட்டுல இருந்தா உனக்கும் வேலை ஆகும்."

"உங்களுக்காக வர்றேன்னு யார் சொன்னா?"

அவர் திகைத்துப் பார்த்தார். உறையக்கா சுவரின்மேல் உட்கார்ந்தாள். பேசும்போது அவரைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

"மெஷின் முன்னாடி உக்காந்தா எனக்கு எதிர் சுவருதான் தெரியும். அந்தச் சுவத்துல எந்த விரிசல் எப்ப வந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா அதேதான். இந்த வண்டியில ஏறினாத்தான் என் முன்னாடி இருக்கிறது நகருது. கிளம்பற ஒவ்வொரு நாளும் நீங்க ஏறறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்குல கையை வெச்சுக் கும்பிடறேன், தெரியுமா? மெஷின்ல வெக்கிற மாதிரி. 'ஆண்டவனே, இது இன்னும் கொஞ்ச நாள் ஓடணும்'னு. உங்ககிட்ட சொல்லல. சொன்னா, வேலையை விட்டுட்டு ஊர் சுத்த ஆசைப்படறா பாருன்னு நினைப்பீங்களோன்னு."

"நான் ஏன் அப்படி நினைக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னார் லாண்டரிக்காரர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள், ஒரே ஆசையை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை மாசம் ஓட்டியிருக்கிறார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. மகள்.

லாண்டரிக்காரர் எடுத்தார். மலைக்காற்றில் மகளின் குரல் விட்டு விட்டு வந்தது. "எங்கப்பா இருக்கீங்க? இந்நேரம் வந்திருக்கணுமே. வண்டி நின்னுடுச்சா?"

அவர் வாயைத் திறந்தார். மகளிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது. "பாப்பா, அது வந்து..."

உறையக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணு, நான்தான். வண்டி நின்னுடுச்சு."

"நான் சொன்னேன்ல? சொன்னேன்ல அம்மா? பழைய வண்டி, வேணாம், வேணாம்னு..."

"இரு, முழுசாக் கேளு. அது பழுதாகி நிக்கல. நான்தான் நிறுத்தினேன்."

"நீங்களா? நீங்க எப்ப வண்டி ஓட்டினீங்க?"

"ஓட்டல. உறை போட்டேன்."

"எதுக்கு?"

உறையக்கா கருகிய உறையை ஒரு தடவை பார்த்தாள். லாண்டரிக்காரருக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "அது மூச்சு விடற இடத்துக்கு" என்றாள். "பஞ்சு வெச்சு, டபுள் தையல் போட்டு. காத்தே போகாம. உங்கப்பா அதை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, வண்டி போனாலும் பரவாயில்லன்னு உக்காந்திருக்காரு. குத்தம் என் பேர்ல இருக்கட்டும், வண்டி பேர்ல வேணாம். அது பாவம், நல்லாத்தான் இழுத்துச்சு. சத்தியம் சத்தியம்தான், நீ என்ன சொல்றியோ அப்படி. ஆனா என்னைக் கேட்டா, எனக்கு இந்த வண்டி வேணும்."

போனில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டது. முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, கடைசியில் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

"அம்மா... என் அளவுகோலுக்கு உறை போட்டீங்க, எரேசருக்குப் போட்டீங்க... இப்ப என்ஜின் மூக்குக்குமா!"

"சிரிக்காதடி. எனக்கு ஈரக்குலை நடுங்குது."

"நான் பயந்தே போயிட்டேம்மா. இங்க எந்த ஸ்ட்ரெச்சர் உள்ள வந்தாலும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்." குரல் கொஞ்சம் அடங்கியது. "அப்பாகிட்ட குடுங்க. அப்பா, இனிமே அம்மா அந்த வண்டியில எதையாவது மூடினாங்கன்னா, நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் மூடணும்."

"அப்ப சத்தியம்?"

"பழுதாகி நின்னாத்தானே வித்துடணும்னு சொன்னேன்? கழுத்தை நெரிச்சதுக்கு அது என்னப்பா பண்ணும்? மெதுவா வாங்க. இல்லாட்டி கயிறு கட்டிக்கிட்டாவது வாங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வந்து சேர்ந்தாப் போதும்."

என்ஜின் ஆற ஆற, உறையக்கா தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். துணி தேட வேண்டியிருக்கவில்லை. கருகாத உறையை லாரி சீட்டின் கிழிசல் மேல் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கம்பியை உள்ளே அமுக்கி, ஸ்பாஞ்சைத் திணித்து, ரெக்சின் ஓரத்தோடு பெரிய ஊசியால் பிடித்துத் தைத்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தார்.

"அக்கா, இதுல உக்காந்தா தூங்கிடுவேன் போலிருக்கே!"

"தூங்கினீங்கன்னா பிரிச்சு எடுத்துடுவேன்."

"அண்ணே, நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் டிரைவர். "பெருசு நல்ல வண்டி. நீங்க எடுங்க, நான் பின்னாலயே வர்றேன். நின்னா கயிறு இருக்கு."

லாண்டரிக்காரர் சாவியைப் போடும்முன் மனைவியைப் பார்த்தார். அவள் எட்டி ஸ்டியரிங்கில் கையை வைத்தாள், இந்த முறை அவர் பார்க்கும்போதே. அவரும் அவள் கைமேல் தன் கையை வைத்தார். சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். வண்டி இருமியது, தும்மியது, பிறகு ஒரு நீண்ட மூச்சை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்துக் கொண்டாடியது.

மேலே ஏற ஏற மேகம் கீழே இறங்கி வந்தது. ஒரு திருப்பத்தில் எதிர் மலை உச்சி வரை வெள்ளையாக மூடிக் கிடந்தது.

"பாருங்களேன்" என்றாள் உறையக்கா. "ஆண்டவனும் நம்ம தொழில்தான் போல."

"நல்லா உத்துப் பாரு. ஓரத்துல காத்துக்கு வழி விட்டிருக்கார்."

அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் குடியிருப்பு வாசலில் மகள் சீருடையோடேயே நின்றுகொண்டிருந்தாள். வண்டி நின்றதும், என்ஜினை அணைக்கும் முன்பே, அம்மாவிடம் வரவில்லை, அப்பாவிடம் வரவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள். மயங்கிக் கிடக்கிற நோயாளியின் மூக்குக்கு நேராக வைத்துப் பார்ப்பது போல, புறங்கையை அந்தக் கீற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள்.

"மூச்சு நல்லா இருக்கு" என்றாள். "உள்ள வாங்க."